மிஸ்டர் சொல்லுங்கோ

வானை ஓரமாக நிறுத்த வேண்டும். இஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியோவை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, கடைசியாகக் கண்களையும் மூடிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் ஞானரட்ணம் சட்டைப் பைக்குள் துடித்துக்கொண்டிருக்கும் கைபேசியை எடுத்துக் காதில் வைப்பார். கூப்பிடுகிறவர்களுக்கு இது பழக்கம். பொறுத்திருப்பார்கள்.

"ஹலோ, சொல்லுங்கோ."

எந்த நாட்டுக்காரர் எடுத்தாலும் இதுதான். மறுமுனையில் ஒரு பெண்குரல் பெயர் சொல்லாது, விலாசம் சொல்லாது, சுகம் விசாரிக்காது. "லாக்காக், லாக்காக், லாக்காக்" என்று மட்டும் சொல்லும்.

"லாக்காக்?"

"லாக்காக்."

"ஊ ஊ இல்லையோ?"

"நோ ஊ ஊ. லாக்காக்."

"ஓகே. வாறன்."

கண்ணைத் திறப்பார். விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. அந்தக் கடையின் ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும் பேரிங் வானின் பின்பக்கத்தில், பழைய பிஸ்கற் ரின் ஒன்றில் இருக்கும். இஞ்சினை முடுக்கும்போது அவர் முகத்தில், நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிற வைத்தியரின் களை வந்திருக்கும்.

வால்தம்ஸ்டோவில் வீடு. குளிரூட்டிகளைத் திருத்துவது தொழில். வீட்டு ஃபிரிட்ஜ்களை அவர் தொடுவதில்லை. உணவகங்களின் ஆளுயர ஃபிரிட்ஜ்கள், குளிரறைகள், ஐஸ் மெஷின்கள், அடுப்புக்கு மேலே நின்று புகையிழுக்கும் விசிறிகள், இவைதான் அவருடைய நோயாளிகள். கறுத்த ஜம்பர், முழங்காலில் தேய்ந்த காற்சட்டை, கையில் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். அதன் முனையை இயந்திரத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குள் செருகினாற்போல் வைத்துக்கொண்டு முழந்தாளில் நிற்பார். கண் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சமையலறையில் யாரும் கறிக்கத்தியைக்கூடச் சத்தமாக வைக்க மாட்டார்கள்.

வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் கிங்ஸ்லாண்ட் றோட்டிலும் டெப்ட்ஃபோர்டிலும் கடை வைத்திருக்கும் வியட்நாம்காரர்கள். அதனால் ஞானரட்ணத்துக்கு வியட்நாம் மொழி தெரியும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். அவருடைய வியட்நாம் மொழியறிவு முழுவதும் பழுதுகளால் ஆனது. லாக்காக் என்றால் ஏதோ கழன்று ஆடுகிறது. ஊ ஊ என்று தாழ்ந்து போனால் கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது. றே றே என்றால் மின்சாரத்தில் கோளாறு. டொங் டொங் என்றால் கழிவுநீர்க் குழாய் சொட்டுகிறது. உங் உக் என்றால் ஐஸ் மெஷினின் பம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டது. ஸீ என்று இழுத்தால் காஸ் கசிகிறது. அதற்கு மட்டும் அவர் அடுத்த வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். லோவாங் ஸோவாங் என்ற சத்தத்துக்கு அவர் போவதில்லை. அது யாரோ தட்டுகளைப் போட்டுடைத்த சத்தம்.

இந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மற்ற மொழிகளுக்குப் புள்ளி போடுவார். ஆங்கிலத்துக்கு மிகக் குறைந்த புள்ளி.

"வெள்ளைக்காரன் கடலுக்குக் கீழாலை ரெயில் விட்டவன். ஆனா ஒரு ஃபிரிட்ஜ் பழுதெண்டா அவனிட்டை 'ஃபனி நொய்ஸ்' எண்டு ஒரேயொரு சொல்லுத்தான் இருக்கு. என்ன ஃபனி? அதிலை சிரிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

தமிழுக்குக் கிடைக்கும் புள்ளியும் அவர் எதிர்பார்ப்புக்குக் குறைவுதான். "எங்களிட்டை எல்லாம் இருக்கு. கடகட இருக்கு, சலசல இருக்கு, கொறகொற இருக்கு. ஆனா எங்கட ஆக்கள் சொல்லமாட்டினம். டூட்டிங்கிலை தோசைக்கடைக்காரன் எடுத்து, 'அண்ணை, அது ஏதோ மாதிரிச் சத்தம் போடுது' எண்டுவான். ஏதோ மாதிரி! இவ்வளவு பெரிய பாஷையை வைச்சுக்கொண்டு ஏதோ மாதிரி!"

வெம்பிளியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவே, கணக்காளராக இருக்கும் யோகராஜா அவரைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர். ஆகவே எதையும் கேட்கும் உரிமையுள்ளவர்.

"ஞானம், உனக்கு வியட்நாம் தெரியுமெண்டு உன்ரை மனுசி கமலம் சொல்லுறா. எங்கை, வணக்கம் எண்டு சொல்லு பாப்பம்."

"அது தெரியாது."

"நன்றி?"

"அதுவும் தெரியாது."

"பிறகென்ன விசருக்கு வியட்நாம் தெரியுமெண்டு திரியிறாய்?"

"வணக்கமும் நன்றியும் பழுதாப் போறேல்லை மச்சான். பழுதாப் போறதுக்குத்தான் என்னைக் கூப்பிடுவினம்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானரட்ணம் விடவில்லை. நெஞ்சு அடிப்பதற்கு அவர்கள் திங்-திக் என்பார்களாம். "எங்கட திக் திக்தான். அதே சாமானைத்தான் அங்கையும் பூட்டியிருக்கு" என்று சொல்லி, வடையை எடுத்துக் கடித்தார்.

இந்த மொழிப் பாண்டித்தியத்தின் தொடக்கம் கிங்ஸ்லாண்ட் றோட்டில் உள்ள ஒரு நூடுல்ஸ் கடை. அதன் உரிமையாளர் பெயர் ஹான். குட்டையான, வேகமான பெண்மணி. கை ஓய்ந்திருந்தால் மேசை துடைப்பவர். ஞானரட்ணம் முதன்முதலாக அந்தக் கடைக்குள் நுழைந்தபோது அவர் காதில் கைபேசி இருந்தது. அடுத்த முனையில் மனைவி கமலாம்பிகை, கருவேப்பிலை வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் ஃபிரிட்ஜைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, "கடகட?" என்று கேட்டார்.

ஐயோ பாவம், மனிதருக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஹான் நினைத்தார். அவரைச் சங்கடப்படுத்த மனமில்லாமல், தன் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல, "லாக்காக்" என்றார்.

ஐயோ பாவம், இந்த மனுசிக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஞானரட்ணம் நினைத்தார். தானும் அவரைச் சங்கடப்படுத்தாமல், "லாக்காக்?" என்று திருப்பிக் கேட்டார்.

இப்படி இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்பட்டதில் ஒரு மொழி பிறந்து, வருடக்கணக்காக நன்றாக ஓடியது. ஹான் தன் மைத்துனிக்குச் சொன்னார்; மைத்துனி பாண் சுடுகிற கடைக்காரருக்குச் சொன்னார்; பாண் கடைக்காரர் டெப்ட்ஃபோர்டில் நகம் பூசும் கடை வைத்திருக்கும் தம்பிக்குச் சொன்னார். ஆங்கிலம் தெரியாத நல்ல மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், சத்தத்தைச் சொன்னால் போதும். அவர் கைபேசியை எடுத்ததும் சொல்லும் முதல் சொல்லே அவர் பெயரென்று எண்ணி, எல்லாரும் "மிஸ்டர் சொல்லுங்கோ" என்று தங்கள் கைபேசிகளில் பதிந்துகொண்டார்கள். அது பெயரில்லை என்று திருத்த ஒரு மொழி வேண்டியிருந்தது. அவர் திருத்தவில்லை.

இதற்கிடையில் ஞானரட்ணத்துக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

அதை அவர் கண்டுபிடித்தது தன் வீட்டு மாடிப்படியில். மேல்கூரையில் உள்ள புகை அலாரத்தின் பற்றரி இறங்கி, அது குருவிக்குஞ்சு போலக் கீச்சிட்டுக்கொண்டே இருந்ததாம். கமலாம்பிகை சொன்னார், அவர் "ஓம்" என்றார். மறுபடி சொன்னார், மறுபடி "ஓம்" என்றார். வார இறுதிக்கு வந்த மகள் மிதுஷா, தலையணையும் கையுமாகப் படியில் வந்து நின்றாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு இது கேக்கேல்லையா?"

ஞானரட்ணம் அலாரத்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். மகள் முகத்தைச் சுளித்தாள். மனைவி காதைப் பொத்தினார். இரண்டும் ஒரே நொடியில். ஏதோ சத்தம் வந்திருக்கிறது என்பதை அவர் அவர்களுடைய முகத்தில்தான் கேட்டார்.

"கேக்குது, கேக்குது. எனக்குக் காது கேக்கும். நான் காது குடுக்கிறேல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே கொள்கை. செவிடர் என்று பெயரெடுப்பதைவிட, சொன்னதைக் கேளாத மனுசன் என்று பெயரெடுப்பது மேல். முதலாவதற்கு இரங்குவார்கள், இரண்டாவதற்கு ஏசுவார்கள். ஏச்சு அவருக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து பழக்கம். "லண்டனிலை உள்ள ஃபிரிட்ஜ் எல்லாம் முக்கினாலும் முனகினாலும் இந்த மனுசனுக்குக் கேக்கும். வீட்டிலை நான் நிண்டு கத்தினாக் கேக்காது" என்று கமலாம்பிகை தொலைபேசியில் தங்கைக்குச் சொல்லும்போது, அவர் அடுத்த அறையில் திருப்தியோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவர் நடிப்பதாக மனைவி நம்பினார். நடிப்பது போல நடிப்பதில் அவருக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

தொழில் மட்டும் எப்படி நடந்தது? அங்கேதான் அந்த வியட்நாம் சத்தங்கள் காப்பாற்றின. அவர் காதைவிட்டு முதலில் போனவை மெல்லிய, கூரான சத்தங்கள்: ஸ், ஃப், ச், ட். ஆங்கிலம் நிற்பதே அந்தக் கால்களில்தான். அவை போன பிறகு, தொலைபேசியில் வரும் ஆங்கிலம் ஈரத்துணிக்குள் வாயை வைத்துப் பேசுவது போலாகிவிட்டது. வியட்நாம் சத்தங்கள் அப்படியல்ல. ஏறும், இறங்கும், மடங்கும், பட்டென்று நிற்கும். எழுத்துப் போனாலும் மெட்டு நின்றது. ஸீ என்பதில் 'ஸ்' அவருக்குக் கேட்காது. ஆனால் படியிறங்குவது போல இறங்கும் அந்த 'ஈ' கேட்கும். அது போதும்; காஸ் கசிகிறது என்று தெரிந்துவிடும்.

ஆக, இயந்திரம் போடும் சத்தம் அவருக்குக் கேட்காது. இயந்திரம் போலச் சத்தம் போடும் மனிதரைக் கேட்கும். பழுது என்னவென்று வானுக்குள்ளேயே முடிவாகிவிடும். கடைக்குள் போய் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து முழந்தாளில் நிற்பதெல்லாம் பூசை முடிந்த பிறகு காட்டும் தீபாராதனை.

அவரிடம் வேலை பழகி, இப்போது சொந்த வான் வைத்திருக்கும் றஜீவன் காதை நம்புவதில்லை. அவனிடம் காஸை முகர்ந்து கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. குழாய்களில் அடித்தால் கசிவுள்ள இடத்தில் நுரை காட்டும் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. "நுரை அடிச்சுப் பாக்கிறது காதில்லாதவன்ரை வேலை" என்று ஞானரட்ணம் அவனை எல்லாருக்கும் முன்னால் கேலி செய்திருக்கிறார். அலாரம் கீச்சிட்ட வாரத்தில் அவரும் ஒரு போத்தல் வாங்கினார். குடிகாரர்கள் ஒளிப்பதைப் போல அதைக் கறுப்புப் பையில் சுற்றி வானின் ஆசனத்துக்குக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் முன்னால் அதை ஒருநாளும் எடுக்கவில்லை.

எல்லாம் இப்படியே ஓடியிருக்கும், கவுன்சில் உணவுப் பரிசோதகர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்.

ஞானரட்ணம் ஹானின் சமையலறையில் ஐஸ் மெஷினைப் பிரித்து வைத்திருந்தார். நீல ஜாக்கெட் போட்ட இளைஞன் ஒருவன் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்து, பரிமாறும் மேசைக்குக் கீழிருந்த ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, ஏதோ சொன்னான். ஹான் வாயைத் திறந்தார். வந்தது ஆங்கிலம். ஹாக்னியில் பள்ளிக்கூடம் படித்தவர்களின் ஆங்கிலம். பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டு மிச்சத்தை எதிராளியின் நெற்றியில் எறியும் ஆங்கிலம். கதவை இப்போதுதான் திறந்ததாகவும், இப்படித் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் யாருடைய ஃபிரிட்ஜிலும் சூடு ஏறத்தான் செய்யும் என்றும், வேண்டுமானால் மெக்கானிக்கையே கேட்கலாம் என்றும் சொல்லி முடித்தார்.

பரிசோதகன் ஞானரட்ணத்தின் பக்கம் திரும்பி முகத்துக்கு நேரே நின்று கேட்டான். உதட்டைப் பார்க்கக் கிடைத்ததால் ஞானரட்ணத்துக்குக் கேள்வி விளங்கியது. லண்டன் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவர். தெளிவான ஆங்கிலத்தில், கதவு மூடிய பிறகு எவ்வளவு நேரத்தில் குளிர் பழைய நிலைக்கு வருமென்று விளக்கினார்.

பரிசோதகன் போய்விட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடை மாற்றுகிற அறையின் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர்களைப் போல உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு ஹான் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஞானரட்ணமும் சிரித்தார். அவருக்குள் மட்டும் ஏதோ ஒன்று லாக்காக் என்று கழன்றது.

நல்ல செய்தி தெருவில் வேகமாகப் பரவியது. மிஸ்டர் சொல்லுங்கோவுக்கு ஆங்கிலம் தெரியும். இவ்வளவு காலமும் படித்த மனிதரிடம் சின்னப்பிள்ளைகளைப் போலச் சத்தம் போட்டிருக்கிறோமே என்று வெட்கப்பட்டவர்கள், மரியாதையை வட்டியோடு திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். விரிவாக, பணிவாக, வேகமாகப் பேசினார்கள்.

"சவுண்ட், ப்ளீஸ். ஒன்லி சவுண்ட்" என்று அவர் கெஞ்சினார். பழைய பகிடியை நினைவுபடுத்துகிறார் என்று அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி ஆங்கிலம்.

பாண் கடைக்கு விசிறி கொண்டு போனார், கேட்டிருந்தது குழாய். நகம் பூசும் கடைக்கு ஃபியூஸ் கொண்டு போனார். அங்கே கழன்றிருந்தது மருந்து நெடியிழுக்கும் விசிறி. "இந்தக் காலத்து போன் ஒண்டும் சரியில்லை" என்று கைபேசியைத் தட்டிக் காட்டினார். புதுக் கைபேசி வாங்கினார். அதிலும் அதே ஈரத்துணி. ஹானின் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புது அட்டை ஒட்டியிருந்ததை ஒருநாள் கண்டார். றஜீவனின் படமும் எண்ணும். கிங்ஸ்லாண்ட் றோட்டில் ஹான் ஒருவர் மெக்கானிக்கை மாற்றினால், மாலைக்குள் தெரு முழுக்க மாற்றிவிடும். ஹான் கொண்டுவந்த வாடிக்கை, ஹானோடு போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை ஹான் கூப்பிட்டார். எந்த ஃபிரிட்ஜ், எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, என்ன மாதிரிச் சத்தம் என்று அவர் தெளிவாக விளக்கியிருக்க வேண்டும். அப்படி விளக்குகிற பெண்மணிதான். வால்தம்ஸ்டோ சந்தைக்குப் பின்னால், ஜன்னல் ஏற்றிய வானுக்குள், கண்ணை மூடிக்கொண்டிருந்த ஞானரட்ணத்துக்குக் கேட்டது 'ஃபிரிட்ஜ்' என்ற ஒரு சொல். அதுகூடக் கேட்டதா, அனுமானமா என்று நிச்சயமில்லை.

"ஓகே. வாறன்" என்றார்.

அதிகமாகப் பழுதாகிறது விசிறிதானே என்ற நம்பிக்கையில் விசிறியை மாற்றிவிட்டு வந்தார். வியாழக்கிழமைக்குள் அந்த ஃபிரிட்ஜில் இருந்த இறால் முழுவதும் கெட்டுப்போனது. ஹான் மறுபடி கூப்பிட்டபோது எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கோபத்துக்கு எழுத்துத் தேவையில்லை. அது நன்றாகவே கேட்டது.

அன்று கடை திறக்குமுன்பே போனார். வானைவிட்டு இறங்குமுன் ஆசனத்துக்குக் கீழே கையை விட்டுக் கறுப்புப் பையைத் தொட்டார். போத்தலோடு உள்ளே போனால் ஹான் பார்ப்பார். பார்த்தால் கேட்பார். கையை வெளியே எடுத்துவிட்டார்.

சமையலறையில் பெரிய அண்டாவில் எலும்புச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மேலே புகையிழுக்கும் விசிறி. ஹான் காய் நறுக்கும் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இறால் இருந்த பெட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வழக்கமாக வரும் கோப்பித் தண்ணீரும் இல்லை. ஞானரட்ணம் நேரே ஃபிரிட்ஜின் பின்பக்கத்துக்குப் போய், முழந்தாளிட்டு, ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடினார்.

அது ஓடவில்லை, காலையில் நானே நிறுத்திவிட்டேன் என்று ஹான் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் சொன்னார்.

ஞானரட்ணம் தலையை மெல்ல ஆட்டினார். பக்கத்தில் நின்ற உறைபெட்டியின் அதிர்வு தரை வழியே ஏறி ஸ்க்ரூ டிரைவருக்குள் வந்துகொண்டிருந்தது. எப்போதும் இருப்பது போலத்தான் இருந்தது.

ஹான் இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது அண்டாவின் முன்னால் நின்ற சமையற்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஓம்" என்றார் ஞானரட்ணம், கண்ணைத் திறக்காமலே, இயந்திரத்தைப் பார்த்து. "யெஸ், யெஸ். ஐ ஹியர் இட். லாக்காக்."

கண்ணைத் திறந்தபோது ஹான் அவர் முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு வயர். வயரின் நுனியில் ஃபிரிட்ஜின் பிளக். அதன் மூன்று பித்தளைக் கால்களும் வெறுமையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

போன் சரியில்லை என்று இங்கே சொல்ல முடியாது. காது கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, காதைத்தானே கொடுத்துக்கொண்டிருந்தார். திக் திக்கோ திங்-திக்கோ, நெஞ்சுக்குள் அடித்தது மட்டும் துல்லியமாகக் கேட்டது. முழந்தாளில் நின்றபடியே, மரப்பிடி காதிலேயே இருக்க, பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹான் அவருடைய முகத்தைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். விசிறியும் குழாயும் மாறிப்போன கடைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவது ஞானரட்ணத்துக்குத் தெரிந்தது. பிறகு ஹான் எழுந்தார். பிளக்கைச் சுவரில் குத்தி, சுவிட்சைப் போட்டார். ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி ஓடத் தொடங்கியது. அவர் அதன் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் நேரே கல்லாப்பெட்டியடிக்குப் போனார்.

றஜீவனின் அட்டை அங்கேதான் இருந்தது. ஹான் கைபேசியை எடுத்து எண்ணைத் தேடுவது இங்கிருந்தே தெரிந்தது. ஞானரட்ணம் ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துப் பையில் வைத்தார். பையின் வாரை இழுத்துக் கட்டினார். எழும்புவதற்காக ஒரு கையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். அதன் உடம்பு கைக்குள் நடுங்கியது; என்ன சொல்கிறதென்று தெரியவில்லை.

அப்போது அவருடைய சட்டைப் பை துடித்தது.

எடுத்துப் பார்த்தார். திரையில் ஹானின் பெயர். நிமிர்ந்தார். ஹான் கல்லாப்பெட்டியடியில் இல்லை; திரும்பி வந்து, ஃபிரிட்ஜின் மறுபக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். காதில் கைபேசி. பார்வை மட்டும் மேலே, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலில். வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வானை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைக்கும்வரை பொறுத்திருப்பவரைப் போல நின்றார்.

ஞானரட்ணம் பையைக் கீழே வைத்தார். ஹானுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்களை மூடிக்கொண்டு, கைபேசியைக் காதில் வைத்தார்.

"ஹலோ, சொல்லுங்கோ."